இருக்கும்போதே செய்ய வேண்டிய ஏற்பாடு: நியமனம், உயில், முதியோர் காப்பு

சங்கங்களைப் பார்வையிடச் செல்லும்போது கடன் பாக்கி, சரக்கு இருப்பு, ரொக்கக் கையிருப்பு ஆகியவற்றையே முதலில் கவனிப்பது என் போன்றோர் வழக்கம். நியமனப் பதிவேட்டைப் புரட்டிப் பார்ப்பவர் அரியர். நானும் அவ்வாறே இருந்தேன். ஒரு நெசவாளர் சங்கத்தில் நேர்ந்த நிகழ்ச்சி அவ்வழக்கத்தை மாற்றியது.

முப்பது ஆண்டுகள் அங்கத்தினராக இருந்த ஒரு நெசவாளர் திடீரெனக் காலமானார். அவர் வீட்டுக் குழித்தறியில் சங்கம் கொடுத்த பாவு பாதி நெய்த நிலையில் கிடந்தது. காரியங்கள் முடிந்தபின் அவருடைய மனைவி மகனை அழைத்துக்கொண்டு சங்கத்துக்கு வந்தார். "ஐயா, அவருடைய பங்குப் பணமும் சேமிப்பும் வந்தால் வைத்தியச் செலவுக்கு வாங்கிய கடனை அடைத்துவிடுவேன்" என்றார். காரியதரிசி பதிவேட்டை எடுத்தார். நியமனம் இருந்தது. ஆனால் அது மணமாகும் முன்னர், தாயின் பெயரில் எழுதியது. அத்தாய் இறந்து பன்னிரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. வாரிசுச் சான்றிதழ் பெற்று, வெளியூரில் வாழும் மகளிடமும் கையொப்பம் வாங்கிப் பணம் அந்த அம்மையாரின் கைக்கு வந்துசேர ஏழு மாதம் ஆயிற்று. அதற்குள் கடன் வட்டியோடு வளர்ந்துவிட்டது.

சங்கத்தின்மீது குற்றமில்லை, விதிப்படியே நடந்தது. ஆனால் ஒரு காகிதத்தை மாற்றி எழுதுமாறு அவருக்கு எவரும் நினைவூட்டவில்லை. அப்பதிவேட்டில் "பார்வையிடப்பட்டது" என்று முந்தைய ஆண்டு கையொப்பமிட்டவன் நான்தான். ஆதலால் இக்கட்டுரையை எழுதுவது என் கடமை எனக் கருதுகிறேன்.

நியமனம் வேறு, உரிமை வேறு

அங்கத்தினர் இறந்தபின் அவருக்குச் சேர வேண்டிய தொகையைச் சங்கமோ வங்கியோ யாரிடம் ஒப்படைப்பது என்று முன்கூட்டி எழுதிவைப்பதே நியமனம். நியமனம் பெற்றவரிடம் பணத்தைக் கொடுத்ததும் சங்கத்தின் பொறுப்பு தீர்ந்துவிடும். ஆனால் பெற்றவர் அதற்கு முழு உடைமையாளர் ஆகிவிடுவதில்லை. மேற்கு வங்காளத்து வீட்டு வசதிச் சங்கம் ஒன்றைப் பற்றிய வழக்கில், நியமனம் பெற்றவர் பெயருக்குச் சங்கம் பங்கை மாற்றித் தரவேண்டும் என்றும், மற்ற வாரிசுகள் தம் உரிமையை நீதிமன்றத்தில் தனியே நிலைநாட்டலாம் என்றும் உச்ச நீதிமன்றம் 2016-இல் தீர்ப்பளித்தது. கம்பெனிப் பங்குகளிலும் நியமனம் வாரிசு உரிமையை அழிக்காது என்று 2023-இல் கூறியது. சுருங்கச் சொன்னால், நியமனம் பெற்றவர் வாங்கி வைக்கும் கை. பங்கு யாருக்கு என்பதை உயில் இருந்தால் உயிலும், இல்லையேல் வாரிசுச் சட்டமும் முடிவு செய்யும்.

எனவே நியமனம் தேவையில்லை என்று எண்ணிவிடலாகாது. துக்க வீட்டுக்கு முதற்பணம் விரைவில் சேர அதுவே வழி. மணம், பிள்ளைப்பேறு, மரணம் ஆகியவை குடும்பத்தில் நேரும்போதெல்லாம் அதனைத் திருத்த வேண்டும். வங்கி வைப்புகளுக்கு நான்கு பேர் வரை நியமிக்க 1-11-2025 முதல் சட்டம் இடமளிக்கிறது.

உயில் இல்லாவிடில் யாருக்குப் பங்கு?

இந்து ஆண் ஒருவர் உயில் எழுதாது இறந்தால், 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அவருடைய மனைவி, மகன், மகள், தாய் ஆகியோர் ஒவ்வொருவருக்கும் சமபங்கு உண்டு. முன்னரே இறந்துபோன பிள்ளையின் பங்கு அப்பிள்ளையின் குடும்பத்தாருக்குச் சேரும். மணமாகிச் சென்ற மகளையும் மூலையில் படுத்திருக்கும் தாயையும் கணக்கில் சேர்க்க மறப்பதே பெரும்பாலான வழக்குகளுக்கு வித்து. பூர்வீகச் சொத்தில் மகளுக்குப் பிறப்புரிமையைத் தமிழ்நாடு 1989-இலேயே வழங்கியது. ஆயினும் அதற்கு முன் மணமானவர்களை அது விலக்கிற்று. 2005-ஆம் ஆண்டு மத்தியச் சட்டம் அவ்வேறுபாட்டை நீக்கியது. அத்தேதியில் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. "சீர் செய்து அனுப்பிவிட்டோம், இனி அவளுக்கு ஏது பாகம்?" என்னும் பேச்சு இன்று செல்லாது.

உயில் எழுதும் முறை

உயில் எழுத முத்திரைத்தாள் வேண்டியதில்லை, வெள்ளைத்தாள் போதும். எழுதுபவர் தெளிந்த மனநிலையில் கையொப்பம் இடவேண்டும். எழுதத் தெரியாதவர் கைநாட்டு வைக்கலாம். அதனைக் கண்ட இரு சாட்சிகளேனும் அவர் முன்னிலையில் கையொப்பமிட வேண்டும். பதிவு செய்வது கட்டாயமன்று, செய்வது நலம். பதிவான உயிலாயினும் பின்னர் வழக்கு எழுந்தால், சாட்சிகளுள் ஒருவரேனும் உயிரோடிருந்தால் அவரை நீதிமன்றத்தில் விசாரித்தே உயிலை மெய்ப்பிக்க வேண்டும். ஆதலால் தம்மினும் இளையவரை, உள்ளூரில் நிலைத்து வாழ்பவரைச் சாட்சியாகக் கொள்க. உயிலால் பயன்பெறுபவரைச் சாட்சியாக வைத்தல் தகாது; கிறித்தவர் உயிலில் அவ்வாறு செய்தால் அவருக்கு எழுதிய பொருள் அவருக்குச் சேராது. முஸ்லிம் அன்பர்கள், வாரிசுகளின் சம்மதமின்றி மூன்றில் ஒரு பாகத்துக்கு மேல் உயில் எழுத இயலாது என்பதை நினைவிற் கொள்ள வேண்டும்.

உயிலை உயிருள்ளவரை எத்தனை முறையும் மாற்றலாம். கடைசியாக எழுதியதே செல்லும். அதுவரை சொத்து எழுதியவர் கையிலேயே இருக்கும்.

எழுதும்போது நம் தொழிலுக்குரிய பொருள்களை விட்டுவிடலாகாது. விவசாயி நிலத்தின் சர்வே எண்ணோடு கிணற்றுப் பாத்தியத்தையும், வண்டித்தடத்தையும், பம்புசெட்டு மின் இணைப்பையும் இன்னாருக்கு என்று குறிக்க வேண்டும். நிலத்தை இரண்டாகப் பிரித்துக் கிணற்றைப் பற்றி ஒன்றும் சொல்லாத உயில், அண்ணன் தம்பியை ஆயுள் முழுதும் வரப்பில் நிறுத்தும். நெசவாளர் தறியையும் அதன் உபகரணங்களையும் குறிக்கலாம். சங்கம் கொடுத்த பாவும் ஊடு நூலும் அவருடையவை அல்ல. சங்கக் கடனும் மறைவதில்லை. வாரிசுகள் தாம் பெற்ற சொத்தின் அளவுக்கு அதற்குப் பொறுப்பாவர். ஆதலால் கடன் கணக்கையும் எழுதிவைப்பது பிள்ளைகளுக்குச் செய்யும் உதவி. பட்டா பெயரில் இருப்பதனால் மட்டும் உரிமை நிலைபெறாது. மூலப் பத்திரம் இருக்குமிடத்தை வீட்டார் அறிந்திருக்க வேண்டும். பொது அதிகாரப் பத்திரம் பொதுவாகக் கொடுத்தவரின் மரணத்தோடு முடிந்துவிடும். அதனை உயிலுக்கு ஈடாக நம்புதல் பிழை.

எழுதிக் கொடுத்தபின் கைவிடப்பட்டால்

"இப்பொழுதே செட்டில்மெண்டு எழுதிவிடுங்கள், அப்பா, கடைசிவரை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்பது பல வீடுகளில் கேட்கும் சொல். சொல்பவர் அப்போது மெய்யாகவே சொல்கிறார் என்பதில் ஐயமில்லை. ஆனால் உயில் போலன்றி, தான செட்டில்மெண்டு பதிவாகி ஏற்கப்பட்டபின் கொடுத்தவர் விரும்பியபோது திரும்பப் பெற இயலாது. நான் அறிந்த ஒரு கரும்பு விவசாயி, தோட்டம் முழுவதையும் மூத்த மகனுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, அதே தோட்டத்துச் சாளையில் மனைவியோடு தனியே பொங்கித் தின்றார். "பத்திரத்தில் பராமரிப்பைப் பற்றி ஏதேனும் எழுதினீர்களா?" என்று கேட்டேன். "பெற்ற மகனிடம் எழுதி வாங்குவது முறையா, தம்பி?" என்றார்.

முறைதான் என்று சட்டம் சொல்கிறது. 2007-ஆம் ஆண்டு பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டத்தின் 23-ஆம் பிரிவுப்படி, 60 வயது நிறைந்தவர், தம்மைப் பேண வேண்டும் என்னும் நிபந்தனையோடு சொத்தைக் கொடுத்து, பெற்றவர் பேணத் தவறினால், அப்பத்திரத்தைச் செல்லாததாக்கத் தீர்ப்பாயத்தை வேண்டலாம். நிபந்தனை இருந்ததை நிறுவுவது அவசியம் என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. 2025 ஜனவரியில், முதியோர் நலனுக்காகவே பிறந்த இச்சட்டத்தைத் தாராளமாகப் பொருள்கொள்ள வேண்டும் என்று கூறி, ஒரு தாயின் தானப் பத்திரத்தை ரத்துச் செய்தது. எவ்வாறாயினும் வழக்காடி நிறுவுவதினும் இரண்டு வரி எழுதிவைப்பது எளிது: உணவு, உடை, உறையுள், வைத்தியம் அளித்து ஆயுள்வரை பராமரிக்கும் நிபந்தனைக்கு உட்பட்டே எழுதிக் கொடுப்பதாகவும், அதுவரை வீட்டில் வசிக்கவும் வருமானத்தை அனுபவிக்கவும் உரிமை தமக்கே என்றும் எழுதச் செய்க.

சொத்தே இல்லாத பெற்றோரும் இச்சட்டப்படி பராமரிப்புத் தொகை கோரலாம். மாதம் 10,000 ரூபாய் வரை உத்தரவிட இடமுண்டு. பிள்ளையற்ற முதியோர், தம் சொத்து யாருக்குச் சேருமோ அவ்வுறவினரிடம் கோரலாம். தமிழ்நாட்டில் வருவாய்க் கோட்டாட்சியரிடம் மனுச் செய்ய வேண்டும். மனு வந்த அறிவிப்பு எதிர்த்தரப்பாருக்குச் சென்றபின் 90 நாட்களுக்குள் அதனைத் தீர்க்க வேண்டும் என்பது விதி. வழி தெரியாதவர் 14567 என்னும் முதியோர் உதவி எண்ணை அழைக்கலாம்.

சங்கங்கள் செய்ய வேண்டியது

ஒவ்வொரு சங்கமும் ஆண்டுக்கு ஒருமுறை, பொதுப் பேரவை கூடும் நாளிலேயே, நியமனப் பதிவேட்டை மேசைமீது வைத்து அங்கத்தினர் ஒவ்வொருவருக்கும் அவர் எழுதியதைப் படித்துக் காட்டட்டும். ஒரு பிற்பகலில் முடியக்கூடிய வேலை. சாவைப் பற்றிப் பேசுவது அமங்கலம் என்று தயங்குவோர் உண்டு. பாவு ஓட்டுமுன் இழை எண்ணுகிறோம். விதைக்குமுன் விதை எண்ணுகிறோம். குடும்பத்துக்கு மட்டும் கணக்கு வேண்டாமா?

அந்த நெசவாளரின் பாதிப் பாவை அவருடைய மகன் நெய்து முடித்துச் சங்கத்தில் ஒப்படைத்தான்; இன்று அவனும் அங்கத்தினன். சேர்ந்த அன்றே நியமனம் எழுதினான். மணமானதும் மாற்ற வேண்டும் என்று அவனிடம் சொல்லியிருக்கிறேன். அடுத்த பார்வையின்போது கேட்பேன்.