ஏரிக்கரைப் பாதையில் ஒரு நாள்

பள்ளி விடுமுறை விட்டதும் தோட்டத்துப் பிள்ளைகள் கேட்கும் முதல் கேள்வி, "இந்த வருசம் எங்கே போறோம்?" என்பதுதான். கேமரன் மலையும் பினாங்கும் பார்த்தாகிவிட்டது. கையிலோ காசு கொஞ்சம். வாசக அன்பர்களே, அப்படிப்பட்டவர்களுக்கு நான் ஒரு வழி சொல்கிறேன். இரண்டு மூன்று வீட்டார் சேர்ந்து ஒரு வேன் பேசிக்கொள்ளுங்கள். புளிச்சோற்றைக் கட்டிக்கொண்டு, விடிந்ததும் விடியாததுமாய்க் கோலகங்சாரிலிருந்து கிரிக் சாலையில் புறப்படுங்கள்.

இந்தப் பயணத்தில் பேரா ஆறு உங்களுக்குத் துணையாக வரும்; ஆனால் பல இடங்களில் ஆறாக அல்ல, ஏரியாக! தெமெங்கோர், பெர்சியா, கெனெரிங், செண்டரோ என நான்கு இடங்களில் அதை அணைகட்டி மறித்து மின்சாரம் எடுக்கிறார்கள். எல்லாவற்றிலும் மூத்தது 1930-இல் முடிந்த செண்டரோ அணை. வழியில் ராபான் ஏரியில் வண்டியை நிறுத்திப் பசியாறுங்கள். காலைப் பனி தண்ணீரைவிட்டு எழும்பும் அழகைப் பார்க்கக் காசு கேட்பார் யாருமில்லை.

அடுத்தது லெங்கோங். 1991-இல் இங்குள்ள குகையொன்றில் பத்தாயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட மனித எலும்புக்கூடு கிடைத்தது. 'பேரா மனிதன்' என்று பெயரிட்டார்கள். 2012-இல் யுனெஸ்கோ இந்தப் பள்ளத்தாக்கை உலக மரபுச் சின்னமாக ஏற்றது. அந்த மனிதனுக்குப் பிறவியிலேயே ஒரு கை சூம்பியிருந்ததாம். வேட்டையாடிப் பிழைத்த காலத்தில் அப்படியொருவர் நடுவயதுவரை வாழ்ந்திருக்கிறார் என்றால், உடனிருந்தவர்கள் சோறு போட்டுப் பார்த்துக்கொண்டார்கள் என்றுதானே பொருள்? பிள்ளைகளுக்கு இதை மறக்காமல் சொல்லுங்கள்.

லெங்கோங் வட்டாரத்தில்தான் லாத்தா கெக்காபு நீர்வீழ்ச்சியும் இருக்கிறது. பாறைகளின்மேல் படிப்படியாக இறங்கிவரும் தண்ணீர். குளியுங்கள், ஆனால் அதற்குமுன் என் அனுபவத்தைக் கேட்டுவிடுங்கள்.

சில ஆண்டுகளுக்குமுன் வேறோர் அருவிக்குப் போயிருந்தோம். பளிச்சென்று வெயில். பிள்ளைகள் ஆற்று நடுவில் ஒரு பாறைமேல் ஆடிக்கொண்டிருந்தார்கள். கரையில் பலகாரம் விற்ற மலாய்ப் பெரியவர் ஒருவர் ஓடிவந்து, "நாயிக்! நாயிக்!" என்று கத்தினார். எனக்குச் சிரிப்பு வந்தது. மழையே இல்லையே, எதற்கு மேலே ஏறச் சொல்கிறார்? என் மனைவி மட்டும் தண்ணீரைப் பார்த்தாள். "என்னங்க, தண்ணி தேத்தண்ணி மாதிரி கலங்குது!" என்றாள். பிள்ளைகளை இழுத்துக்கொண்டு கரையேறித் திரும்பிப் பார்த்தால் அந்தப் பாறையைக் காணோம். மரக்கட்டைகள் புரண்டு போகின்றன. எங்கள் சோற்றுச் சட்டியும் போயிற்று. நான்காம் ஆண்டு மாணவர்களுக்கு மழைநீர்ச் சுழற்சியைப் படம் போட்டு விளக்குகிறவன் நான்!

மலாய்க்காரர்கள் இதைக் 'கெப்பாலா ஆயர்' என்பார்கள். மழை நாம் குளிக்குமிடத்தில் பெய்யவேண்டியதில்லை. மலை உச்சியில் பெய்தால் போதும். மேலே கட்டைகளும் சருகும் ஓடையை அடைத்துத் தண்ணீரைத் தேக்கிவைக்கும். அடைப்பு உடைந்தால் அத்தனையும் ஒரே மூச்சில் கீழே பாயும். நீர் திடீரென்று கலங்கினாலோ, சருகும் குச்சியும் மிதந்து வந்தாலோ, மேலேயிருந்து இரைச்சல் கேட்டாலோ, சட்டி செருப்பைத் தேடாதீர்கள். ஆற்றோரமாகக் கீழ்நோக்கி ஓடவும் கூடாது. பக்கத்துக் கரைமேட்டில் ஏறுங்கள். மலையில் பிற்பகல் மழை அதிகம், ஆகவே காலையிலேயே குளித்துவிடுவது நல்லது. பெரியவர் ஒருவர் குளிக்காமல் காவலிருக்கட்டும். எங்கள் கூட்டத்தில் இப்போது அந்த வேலை எனக்குத்தான்.

கிரிக்கைத் தாண்டினால் கிழக்கு மேற்கு நெடுஞ்சாலை. கிளந்தானின் ஜெலிவரை செல்லும் இந்தச் சாலை 1982-இல் திறக்கப்பட்டது. கம்யூனிஸ்டு அச்சத்தால் தொடக்கக் காலத்தில் இரவுப் பயணத்துக்கு அனுமதியில்லை. கிரிக்கிலிருந்து ஏறக்குறைய நாற்பது கிலோமீட்டரில் பண்டிங் தீவு. இருபுறமும் பாலம், சுற்றிலும் தெமெங்கோர் ஏரி, நீருக்குள் பட்டுப்போன மரங்கள். மதியச் சோற்றை இங்கே வைத்துக்கொள்ளலாம்.

யானைப் படம் போட்ட பலகைகள் அலங்காரத்துக்கு வைத்தவையல்ல. 2025 மே மாதம், இந்தச் சாலையில் லாரி மோதி ஒரு யானைக்கன்று இறந்தது. லாரிக்கடியில் கிடந்த கன்றை விட்டகலாமல் தாய் யானை தலையால் முட்டிக்கொண்டு நின்ற காட்சியை நாடே பார்த்தது. அடுத்த மாதமே பண்டிங் அருகே பேருந்து விபத்தில் பல்கலைக்கழக மாணவர் 15 பேர் மாண்டார்கள். வளைவும் இறக்கமும் மிகுந்த சாலை. புறப்படுமுன் பிரேக்கையும் டயரையும் பார்க்கச் சொல்லுங்கள். ஓட்டுநர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். நான்கு மணிக்கெல்லாம் திரும்பிவிட்டால் இருட்டுமுன் மலையிறங்கலாம்.

வரும் வழியில் லெங்கோங்கில் ஊறுகாய் போட்ட ஆற்றுமீன் விற்பார்கள், பெக்காசாம் என்று. எண்ணெயில் பொரித்துச் சுடுசோற்றோடு சாப்பிட வேண்டும். என் மனைவி ஒவ்வொரு முறையும் இரண்டு பொட்டலம் வாங்குவாள். போன சட்டியின் கதையையும் கடைக்காரரிடம் ஒரு முறை சொல்லிவிட்டுத்தான் வண்டியேறுவாள்.