தக்காளி இல்லாத கெட்சப்

சமோசாவுக்குத் தொட்டுக்கொள்ளும் கெட்சப்பில் தக்காளி நுழைந்து இருநூறு ஆண்டுகளுக்குச் சற்று மேல்தான் ஆகிறது. ஆங்கிலத்தில் இந்தச் சொல் அதற்கும் நூறு ஆண்டு மூத்தது.

சீனத்தின் ஃபூஜியான் கரையோரத்து ஹொக்கியன் மக்கள், உப்பில் ஊறிப் புளித்த மீனிலிருந்து வடித்த சாற்றைக் 'கெ-சியாப்' என்றார்கள். சொல்லின் பிறப்பைப் பற்றி வேறு கருத்துகளும் உண்டு. ஆனால் 'கெ-சியாப்'தான் 'கெட்சப்' ஆனது என்பதையே அறிஞர்கள் பலர் ஏற்கிறார்கள். மலாய் மொழியில் 'கிச்சாப்' என்றால் சோயா சாறு. மலேசியக் கடையில் கிச்சாப் கேட்டால் இன்றும் கறுப்புப் புட்டிதான் வரும். தக்காளிச் சாறு அங்கே 'சோஸ் தொமாத்தோ'.

அந்த மீன் சாற்றின் ருசி பிரிட்டிஷ் வணிகர்களையும் பிடித்துக்கொண்டது. சிறந்த கெட்சப் டோங்கினில், அதாவது இன்றைய வட வியட்நாமில், கிடைப்பதாக 1711இல் அவர்களில் ஒருவரான சார்லஸ் லாக்யர் எழுதினார். அவ்வளவு தூரத்துச் சரக்கு எல்லா வீட்டுக்கும் கட்டுப்படியாகுமா? ஊரிலேயே போலி செய்யத் தொடங்கினார்கள். 1727இல் வந்த எலைசா ஸ்மித்தின் சமையல் நூலில் நெத்திலி இன மீன், சின்ன வெங்காயம், வினிகர், வெள்ளை ஒயின், கிராம்பு, இஞ்சி, மிளகு எல்லாம் சேர்ந்த கெட்சப் இருக்கிறது. பிறகு காளான், வால்நட், சிப்பி என்று கிடைத்ததெல்லாம் பானைக்குள் போயிற்று. பெரும்பாலும் எல்லாமே நீர்த்த, கரிய சாறுகள்.

பண்டம் மாறியும் பெயர் நிலைத்ததற்கு நாக்கும் ஒரு காரணம் என்பேன். புளித்த மீன், சோயா, காளான், பழுத்த தக்காளி எல்லாவற்றிலும் குளுட்டமேட் உண்டு. உமாமி என்ற சுவைக்கு அடிப்படை இதுதான் என்று ஜப்பானிய வேதியியலாளர் கிகுனே இக்கேதா 1908இல்தான் கண்டறிந்தார். சமையல்காரிகள் அதை வெகுகாலம் முன்பே நாக்கால் கண்டிருந்தார்கள்.

1812இல் ஃபிலடெல்ஃபியாவின் ஜேம்ஸ் மீஸ் தக்காளிக் கெட்சப் செய்முறையை அச்சிட்டார். மசாலாவும் பிராந்தியும் உண்டு, சர்க்கரை இல்லை. ஆனால் தக்காளிக் கூழ் சீக்கிரம் கெட்டுவிடும். அதனால் ஆலைகள் சோடியம் பென்சோயேட் என்ற பதனப்பொருளைக் கலந்தன. அமெரிக்காவில் அதற்கு எதிர்ப்பு கிளம்பியது. 1876 முதல் கெட்சப் விற்றுவந்த ஹைன்ஸ் நிறுவனம், நன்கு பழுத்த தக்காளியோடு வினிகரையும் சர்க்கரையையும் கூட்டிப் பென்சோயேட்டைக் கைவிட்டது. நமக்குப் பழகிய தித்திப்பும் புளிப்பும் அப்படி வந்தவை.

கெட்டித்தன்மை தக்காளியின் பெக்டினாலும் நாராலும் வருவது. அவை பின்னிக்கொண்டு கூழைப் பிடித்துவைப்பதால் புட்டியைச் சும்மா கவிழ்த்தால் எதுவும் இறங்காது. ஓங்கித் தட்டினால் பின்னல் குலைந்து கூழ் இளகும். அப்போது வேண்டியதைவிட அதிகமாகத்தான் கொட்டும்.