பத்தாண்டுப் பொறுமை
(துனீசிய டென்னிஸ் வீராங்கனை உன்ஸ் ஜாபிரின் தொடக்க காலம்)

வட ஆப்பிரிக்க நாடாகிய துனீசியா நம் மாணவர்களுக்குப் புதிய பெயரன்று. வரலாற்றியலுக்குப் புதுநெறி வகுத்த இப்னு கல்தூன் 1332ஆம் ஆண்டில் பிறந்தது அந்நாட்டின் துனிஸ் நகரில்தான். உக்பா இப்னு நாஃபிஉ அவர்கள் கி.பி. 670இல் அடித்தளமிட்ட கைரவான் பெரும் பள்ளிவாசல் இன்றும் நிமிர்ந்து நிற்பது அம்மண்ணில்தான். அறிவாலும் இறைப்பற்றாலும் பெயர்பெற்ற அந்நாட்டை இந்த நூற்றாண்டில் விளையாட்டரங்குகளிலும் அறியச் செய்தவர்களுள் தலையாயவர் ஒரு பெண்மணி. அவர் அடைந்த புகழை எல்லாரும் அறிவர். அப்புகழுக்கு முன்னர் அவர் காத்திருந்த காலத்தை அறிந்தோர் சிலரே. அக்காலத்தைப் பற்றிச் சிறிது விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பெயரும் பொருளும்

நாளேடுகள் இவர் பெயரை 'ஒன்ஸ் ஜபேர்' என எழுதுகின்றன. இது பிரெஞ்சு எழுத்துக்கூட்டல் வழியே வந்த வடிவம். அரபு மூலத்தில் இது 'உன்ஸ் ஜாபிர்' என்பதாகும். 'உன்ஸ்' என்னும் சொல் நட்பையும், தோழமை தரும் மன ஆறுதலையும் குறிக்கும். 'ஜாபிர்' என்பது உடைந்ததைச் சீர்செய்து பொருத்துபவரைக் குறிக்கும் சொல். முறிந்த எலும்பைச் சேர்த்துக் கட்டுவதற்கும், கணக்கியலில் 'அல்ஜிப்ரா' என நாம் வழங்கும் கலைக்கும் அதுவே வேர்ச்சொல். மொழித்துறை மலரில் இச்சிறு குறிப்பு பொருந்தும் என்பதாலும், இப்பெயர்க்குரியவரின் வாழ்வு இப்பொருளுக்கு ஒத்தே நடந்திருப்பதாலும் இதனை முதற்கண் கூறினோம். இனி அரபு ஒலிப்பையே கொள்வோம்.

தாய் காட்டிய ஆடுகளம்

உன்ஸ் ஜாபிர் 1994ஆம் ஆண்டு ஆகஸ்ட் 28ஆம் நாள் கஸ்ர் ஹிலால் என்னும் ஊரில் பிறந்தார். வளர்ந்தது கடற்கரை நகரமாகிய சூஸாவில். அவருடைய தாயார் ஸமீரா, பொழுதுபோக்காக டென்னிஸ் ஆடும் பழக்கம் உடையவர். மூன்று வயதுக் குழந்தையை ஆடுகளத்திற்கு அழைத்துச் சென்றவர் அவரே. பள்ளியில் நடைபெற்ற டென்னிஸ் ஊக்குவிப்பு மையத்தில் நபீல் ம்லிகா என்னும் பயிற்சியாளர் அச்சிறுமியின் திறனைக் கண்டு, பதின்மூன்று வயது வரை பயிற்றுவித்தார்.

பத்து வயதில் அவர் ஹம்மாம் சூஸா என்னும் ஊரின் மன்றம் ஒன்றில் சேர்ந்தார். அம்மன்றத்திற்குச் சொந்தமாக ஓர் ஆடுகளமும் இல்லை. சூஸா சுற்றுலாப் பயணிகள் மிகுதியாக வந்து தங்கும் கடற்கரைப் பகுதி. ஆதலின் அருகிலிருந்த விடுதிகளின் ஆடுகளங்களிலேயே மன்றத்துப் பிள்ளைகள் பயின்றனர். பின்னாளில் விம்பிள்டனின் நடுக்களத்தில் இறுதியாட்டம் ஆடியவர், தம் இளமையில் பிறர் களத்தில் இடம் பெற்றே ஆடினார் என்பதை நம் மாணவர்கள் நினைவிற் கொள்ளல் வேண்டும். வசதியின்மையைக் காரணங்காட்டி ஒதுங்குவோர் பலர். கிடைத்த இடத்தில் தொடங்குவோர் சிலர்.

நாட்டின் பல நகரங்களில் நடைபெற்ற போட்டிகளுக்கு மகளைத் தம் காரில் அழைத்துச் சென்றவர் தாயாரே. பன்னிரண்டாம் வயதில் பெற்றோரைப் பிரிந்து, தலைநகர் துனிஸில் உள்ள அல் மன்ஸா விளையாட்டு உயர்நிலைப் பள்ளியில் மகள் சேர்ந்தபோது, அதற்கு இசைந்து ஊக்கமளித்ததும் அக்குடும்பமே. கல்வியும் விளையாட்டும் ஒருங்கே அளிக்கப்படும் அரசுப் பள்ளி அது. பதினாறாம் வயதில் பெல்ஜியத்திலும் பிரான்சிலும் பயிற்சி தொடர்ந்தது. பெண் பிள்ளையைத் தொலைவூருக்குப் படிக்க அனுப்பும் வேளையில் ஒரு தாயின் நெஞ்சில் எழும் தயக்கம் நாம் அறியாததன்று. அத்தயக்கத்தை வென்ற குடும்பங்கள் வழியாகவே நம் கல்லூரி வகுப்பறைகளும் நிறைந்திருக்கின்றன.

இளையோர் வெற்றி

பதினெட்டு வயதிற்குட்பட்டோர்க்கான பன்னாட்டுப் போட்டிகளில் 2007ஆம் ஆண்டு முதல் அவர் கலந்துகொள்ளலானார். 2010இல் பாரிசில் நடைபெற்ற பிரெஞ்சு ஓப்பன் இளையோர் இறுதியாட்டத்தில் உக்ரைனின் எலினா ஸ்விதோலினாவிடம் தோற்றார். மறு ஆண்டும் அதே இறுதியாட்டத்தை எட்டினார். இம்முறை எதிர்நின்றவர் பியூர்ட்டோ ரிக்கோவின் மோனிகா புயிக். பின்னாளில் 2016 ரியோ ஒலிம்பிக்கில் தங்கம் வென்றவர். அவரை உன்ஸ் நேர் செட்களில் வென்றார்.

இளையோர் கிராண்ட் ஸ்லாம் ஒற்றையர் பட்டம் வென்ற முதல் அரபுப் பெண் என்னும் பெருமை அன்று அவரைச் சேர்ந்தது. அரபு ஆடவருள் எகிப்தின் இஸ்மாயீல் அல் ஷாஃபி 1964இல் விம்பிள்டன் இளையோர் பட்டம் வென்றிருந்தார். அதன்பின் நாற்பத்தேழு ஆண்டுகள் கழித்தே அரபுலகம் மீண்டும் அத்தகைய பட்டத்தைக் கண்டது. துனீசிய மக்கள் எழுச்சியால் ஆட்சி மாறியது 2011 ஜனவரியில். இவ்வெற்றி கிட்டியது அவ்வாண்டு ஜூனில். புது விடியலை எதிர்நோக்கியிருந்த நாடு, பதினாறு வயதுப் பெண்ணின் கையில் வெற்றிக் கோப்பையைக் கண்டு மகிழ்ந்தது.

இவ்வளவில் கதை முடிந்திருக்குமாயின் அதனைக் கூற நாம் முன்வந்திருக்க மாட்டோம். இனி வரும் பகுதியே கற்கத்தக்கது.

ஏணியின் அமைப்பு

டென்னிஸ் உலகில் இளையோர் பட்டம் பெருமை தரும், இடம் தராது. பெரியோர் பிரிவில் ஒருவர் அநேகமாக முதற்படியிலிருந்தே ஏறல் வேண்டும். அந்த ஏணியின் அமைப்பைச் சுருங்கக் கூறுவோம்.

கீழ்ப்படியில் இருப்பவை பன்னாட்டு டென்னிஸ் கூட்டமைப்பின் சிறு போட்டிகள். பரிசுத் தொகை சிறிது, பார்வையாளரும் சிலரே. அதற்கு மேல் மகளிர் டென்னிஸ் சங்கத்தின் போட்டிகள். அவை வெல்பவர்க்குக் கிடைக்கும் புள்ளிகளை ஒட்டி 250, 500, 1000 என வகுக்கப்பட்டுள்ளன. உச்சியில் நான்கு கிராண்ட் ஸ்லாம் போட்டிகள்; அவற்றுள் ஒன்றை வெல்பவர்க்கு 2000 புள்ளிகள். பெறும் புள்ளிகள் 52 வாரங்களுக்கே செல்லும். பின்னர் அவை உதிர்ந்துவிடும். ஆதலின் ஒருவர் தம் இடத்தைக் காத்துக்கொள்ளவும் ஒவ்வோராண்டும் உழைத்தாக வேண்டும்.

கிராண்ட் ஸ்லாம் ஒற்றையர் பிரிவில் 128 பேர் ஆடுவர். தரவரிசையில் ஏறத்தாழ முதல் நூறு இடங்களில் உள்ளோர் நேரே இடம் பெறுவர். ஏனையோர் தகுதிச் சுற்றில் மூன்று ஆட்டங்களை வென்றாலன்றி உள்ளே நுழைதல் இயலாது. எனவே நூறாவது இடம் என்பது ஒரு கோட்டை மதில் போன்றது. மதிலுக்கு உட்பட்டோர்க்கு முதற்சுற்றில் தோற்றாலும் கணிசமான தொகை உண்டு. வெளியே நிற்போர் விமானக் கட்டணம், தங்கும் செலவு, பயிற்சியாளர் ஊதியம் ஆகியவற்றைத் தாமே தேடிக்கொள்ளல் வேண்டும். செல்வ நாடுகளின் டென்னிஸ் சங்கங்கள் தம் வீரர்களைத் தாங்கிக்கொள்ளும். சிறு நாட்டினர்க்கு அத்துணை அரிது.

மதிலுக்கு வெளியே

2011இல் பட்டம் வென்ற உன்ஸ் ஜாபிர், முதல் நூறு இடங்களுக்குள் நுழைந்தது 2017இல். இடைப்பட்ட ஆறாண்டுகள் அவர் சிறு போட்டிகளிலும் தகுதிச் சுற்றுகளிலும் உழன்றார். அவருக்கு வழிகாட்ட முன்னோர் பலர் இலர். அவருக்கு முன் துனீசியாவின் ஸலீமா ஸஃபர் 2001இல் 75ஆம் இடத்தை எட்டியிருந்தார். முதல் நூற்றுள் இடம்பெற்ற முதல் அரபுப் பெண் அவரே. அந்த ஒற்றை விளக்கே அவர் முன் இருந்தது.

நம் நாட்டு ஸானியா மிர்ஸா 2003இல் விம்பிள்டன் இளையோர் இரட்டையர் பட்டம் வென்று, 2005இல் தம் ஹைதராபாத் நகரிலேயே பெரியோர் ஒற்றையர் பட்டத்தையும் பெற்றுவிட்டார். சிலர்க்கு வாயில் விரைவில் திறக்கிறது. சிலர்க்குக் காலம் தாழ்கிறது. விரைவு திறமைக்குச் சான்றன்று. தாமதம் திறமையின்மைக்குச் சான்றுமன்று. மாணவர்கள் இதனை ஊன்றி நோக்க வேண்டும்.

2017 பிரெஞ்சு ஓப்பனில் தகுதிச் சுற்றின் கடைசி ஆட்டத்தில் உன்ஸ் தோற்றார். ஆயினும் முதன்மைச் சுற்றில் இடம் பெற்ற ஒருவர் விலகவே, அவ்விடம் இவர்க்குக் கிட்டியது. தோற்றவர்க்குக் கிடைக்கும் நற்பேறு எனும் பொருளில் இதற்கு 'லக்கி லூசர்' எனப் பெயர். கிடைத்த வாய்ப்பை அவர் வீணாக்கவில்லை. உலகின் முதல் பத்து ஆட்டக்காரர்களுள் ஒருவராய் இருந்த டொமினிகா சிபுல்கோவாவை இரண்டாம் சுற்றில் வீழ்த்தி, கிராண்ட் ஸ்லாம் மூன்றாம் சுற்றை எட்டிய முதல் அரபுப் பெண் ஆனார். நற்பேறு கதவைத் திறந்தது உண்மை. கதவருகே அவர் நின்றுகொண்டிருந்தார் என்பதும் அதே அளவு உண்மை.

மறு ஆண்டு, 2018 அக்டோபரில் மாஸ்கோ போட்டியில் தகுதிச் சுற்றிலிருந்து தொடங்கி இறுதியாட்டம் வரை முன்னேறினார். முதல் செட்டை வென்றும், ரஷ்யாவின் டாரியா கசாட்கினாவிடம் பட்டத்தை இழந்தார். 2020 ஜனவரியில் ஆஸ்திரேலிய ஓப்பன் கால் இறுதி. அதனை எட்டிய முதல் அரபுப் பெண்ணும் அவரே. அவ்வாண்டில்தான் அவர் முதல் ஐம்பதுக்குள் வந்தார்.

வலிமையோடு பந்தை அறைவதே வெற்றிக்கு வழி என்று கருதப்படும் காலத்தில், அவருடைய ஆட்டம் வேறு வகையினது. எதிரி களத்தின் பின்கோட்டில் காத்திருக்க, பந்தை மெல்லத் தொட்டு வலைக்கு அருகில் விழச்செய்யும் 'டிராப் ஷாட்' அவருக்குக் கைவந்த கலை. தம் இயல்புக்குரிய ஆட்டத்தை அவர் கைவிடவில்லை. அவரைச் சூழ நின்றோரும் பெரும்பாலும் அவர் மண்ணினரே. துனீசிய வாள்வீச்சு வீரராக விளங்கிய கணவர் கரீம் கமூன் அவருக்கு உடற்பயிற்சியாளராகவும் துணைநின்றார். 2020 முதல் பயிற்சியாளராய் அமைந்த இஸாம் ஜலாலியும் துனீசியரே.

2021ஆம் ஆண்டு ஜூன் 20ஆம் நாள் இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் அவர் மற்றோர் இறுதியாட்டம் ஆடினார். எதிரே நின்றவர், மாஸ்கோவில் அவரை வென்ற அதே கசாட்கினா. 7-5, 6-4 என்னும் கணக்கில் உன்ஸ் வென்றார். மகளிர் டென்னிஸ் சங்கப் பட்டத்தை ஓர் அரபுப் பெண் வென்றது அதுவே முதன்முறை. இளையோர் பட்டத்திற்கும் இப்பட்டத்திற்கும் இடையே சரியாகப் பத்தாண்டுகள் உருண்டோடியிருந்தன. பதினாறு வயதில் மலர்ந்தது, இருபத்தாறாம் வயதில் கனிந்தது.

அதன் பின்னர் நிகழ்ந்தவை யாவரும் அறிந்தவை. அவ்வாண்டு அக்டோபரில் ஆடவர், மகளிர் இருபாலாருள்ளும் முதல் பத்து இடங்களுக்குள் வந்த முதல் அரபு ஆட்டக்காரர் ஆனார். 2022இல் உலகின் இரண்டாம் இடத்தை எட்டினார். 2022, 2023 ஆகிய ஈராண்டும் விம்பிள்டனிலும், 2022இல் அமெரிக்க ஓப்பனிலும் இறுதியாட்டம் வரை சென்று தோற்றார். அம்மூன்றனுள் ஒன்றேனும் கைகூடவில்லை. ஆயினும் அவர் நாட்டு மக்கள் அவரை 'மகிழ்ச்சி அமைச்சர்' என்றே அழைத்தனர். 2025 ஜூலையில், உடலும் உள்ளமும் ஓய்வு வேண்டுவதை மறைக்காமல் கூறி, ஆட்டத்திலிருந்து தற்காலிகமாக விலகினார்.

நாம் கொள்ளத்தக்கவை

பெருமானார் (ஸல்) அவர்கள் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களோடு ஓட்டப் போட்டி நிகழ்த்தியதை நபிமொழித் தொகுப்புகள் பதிவு செய்துள்ளன. உடலைப் பேணுதலும் நல்விளையாட்டும் பெண்ணுக்கு விலக்கப்பட்டவை அல்ல என்பதற்கு அதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை. உடை, பயண ஒழுங்கு ஆகியன பற்றிச் சமுதாயத்தில் கருத்து வேறுபாடுகள் உள்ளன என்பதை நாம் அறிவோம். இக்கட்டுரை அவற்றுக்குத் தீர்ப்புக் கூற எழுந்ததன்று. ஆனால் ஒன்றைப் பெரியோர்கள் முன் பணிவுடன் வைக்க விரும்புகிறோம். பள்ளிப் பருவத்தில் துள்ளி ஓடிய நம் பெண் பிள்ளைகள், கல்லூரிக்கு வந்தபின் ஆடுகளத்தின் பக்கமே திரும்புவதில்லை. நாளொன்றுக்கு ஒரு மணி நேரம், அவர்கள் தயக்கமின்றி ஆடுதற்குரிய மறைவான இடம், பயிற்றுவிக்க ஒரு பெண் ஆசிரியர் - இம்மூன்றும் நம் நெறிமுறைக்குள்ளேயே இயலக்கூடியவை. உலக வீராங்கனைகளை உருவாக்குவதற்காக அன்று. நலமுள்ள தாய்மாரையும் தன்னம்பிக்கையுள்ள பட்டதாரிகளையும் உருவாக்குவதற்காகவே கேட்கிறோம்.

மாணவர்களுக்கு நாம் கூறுவது வேறொன்று. பள்ளி இறுதித் தேர்வில் மாவட்டத்தில் முதலிடம் பெற்றுப் பாராட்டு மழையில் நனைந்து கல்லூரிக்கு வருவோர் உளர். ஓரிரு போட்டித் தேர்வுகளில் வெற்றி நழுவியதும், தம் காலம் முடிந்ததென்று அவருள் சிலர் சோர்ந்துவிடுகின்றனர். பள்ளி வெற்றி இளையோர் பட்டத்தைப் போன்றது. அதன் பின்னரே மெய்யான ஏணி தொடங்குகிறது. 'ஸப்ர்' என நாம் நாளும் மொழியும் பொறுமை, கைகட்டிக் காத்திருத்தல் அன்று. தகுதிச் சுற்றில் தோற்ற மறுநாளும் பயிற்சிக்குச் செல்லும் உறுதியே பொறுமை. விடுதியின் ஆடுகளத்தில் தொடங்கிய அச்சிறுமி பத்தாண்டுகள் காட்டியது அதனையே.

வாய்ப்பு வரும் நாளை இறைவன் அறிவான். அந்நாளில் வாயிலருகே நிற்பது நம் கடன். நம் மாணவ மாணவியர் அவ்வாறு நிற்பார்களாக!