வளர்ச்சிக் காரணி எதை வளர்க்கிறது?

போன வாரம் கருத்துணர்தலுக்கு ஓர் அறிவியல் பகுதியைக் கொடுத்திருந்தேன். 'வளர்ச்சிக் காரணி விலங்கின் உடலைப் பெரிதாக்கும்' என்று வகுப்பில் பாதிப் பேர் எழுதியிருந்தாங்க. அவங்களைக் குறை சொல்ல முடியாது, பெயரே அப்படித்தானே இருக்கு! ஆனால் மதிப்பெண் போயிடுச்சு.

உண்மையில் நடந்தது இதுதான். அமெரிக்க அறிவியலாளர் ஸ்டான்லி கோஹன், நரம்பு வளர்ச்சிக் காரணியை ஆராய்ந்துகொண்டிருந்தார். சுண்டெலியின் உமிழ்நீர்ச் சுரப்பியிலிருந்து எடுத்த சாற்றைப் புதிதாகப் பிறந்த குட்டிகளுக்குத் தினமும் ஊசி வழி செலுத்தினார். வழக்கமாக 12 முதல் 14 நாளில் திறக்கும் கண்கள் 7 நாளிலேயே திறந்துகொண்டன. 8 முதல் 10 நாளில் முளைக்கும் முன்பற்கள் 5, 6 நாளில் முளைத்தன. இது நரம்பின் வேலை இல்லையே என்று அவர் துருவிப் பார்த்தார். சாற்றில் இன்னொரு புரதமும் இருந்தது. அது மேல்தோல் உயிரணுக்களைத் தூண்ட, தோல் தடித்துச் சீக்கிரமே முதிர்ந்தது. ஒட்டியிருந்த இமைகளும் முன்கூட்டியே பிரிந்தன. அதுதான் மேல்தோல் வளர்ச்சிக் காரணி. 53 அமினோ அமிலங்கள் கொண்ட சின்னப் புரதம். 1986-இல் கோஹனும் ரீட்டா லெவி மொண்டால்சினியும் நோபல் பரிசு பெற்றார்கள்.

இப்போ கவனிங்க: ஊசி போட்ட குட்டிகளின் உடல் எடை மற்றக் குட்டிகளைவிடக் குறைவு! இமையும் பல்லும் முந்தின, உடம்பு பின்தங்கியது.

செம்மறி ஆட்டின் கதை இன்னும் வேடிக்கை. இதே காரணியை ஒரே ஒரு தடவை ஊசி போட்டால், மயிர்க்கால்கள் சில நாள் கம்பளி இழை உருவாக்குவதை நிறுத்திவிடும். இழை அந்த இடத்தில் அறுந்துவிடும். ஆட்டுக்கு வலை போர்த்திச் சில வாரம் விட்டால், கத்தரிக்காமலே கம்பளியைக் கழற்றி எடுக்கலாம். ஆஸ்திரேலியாவில் பயோகிளிப் என்ற பெயரில் இம்முறை விற்பனைக்கும் வந்தது. தோலைத் தடிக்க வைத்த அதே புரதம்தான் இங்கே இழையை நிறுத்துகிறது.

ஏன் இப்படி? காரணி ஒரு செய்தி மட்டுமே. உயிரணுவின் மேலுள்ள ஏற்பி அதைப் பெற்றுக்கொள்கிறது. பிறகு அந்தத் திசு என்ன செய்யும் என்பது திசுவின் வகை, விலங்கின் வயது, மருந்தின் அளவு ஆகியவற்றைப் பொறுத்தது.

அதனால் மாணவர்களே, 'விளைவு யாது?' என்ற கேள்விக்கு 'வளர்ந்தது' என்று மட்டும் எழுதி நிறுத்தாதீங்க. எந்த விலங்கு, எந்தத் திசு, என்ன மாற்றம் என்று மூன்றையும் எழுதுங்க. 'முன்கூட்டியே', 'தற்காலிகமாக' போன்ற சொற்கள் பகுதியில் இருந்தால் அடிக்கோடு போட்டுக்குங்க. விடை பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.