பூஞ்சை புக்கா? பதறாதீங்க பாஸ்!

பாதி விலையில வாங்கின செமஸ்டர் புக்... வாலாஜாபாத் பஸ்ஸுல பிரிச்சதும் தும்மல் தும்மலா வருதா? உள்ளே பூஞ்சை குடியிருக்கும் பாஸ்!

நேரா ஷெல்ஃபுல அடுக்காதீங்க. மத்த புக்குக்கும் தொத்திக்கும். நனைஞ்ச புக் 48 மணி நேரத்துக்குள்ள காயலைன்னா பூஞ்சை கிளம்பிடும். சுள்ளுனு வெயில் வேணாம், தாள் பழுத்துடும். நிழல், ஃபேன் காத்து, பக்கங்களுக்கு நடுவுல வெள்ளைத்தாள் போதும். காய்ஞ்சதும் மாஸ்க் மாட்டி, வெட்டவெளியில பிரஷ்ஷால தட்டுங்க. ஈரத்துணி தொட்டா கறை பரவும். ஆஸ்துமா பார்ட்டிகள் ஃப்ரெண்டுகிட்ட கொடுத்துடுங்க.

2015 வெள்ளத்துல சென்னை, காஞ்சிபுரத்துப் பசங்களுக்கு அரசாங்கமே மறுபடி பாடப்புத்தகம் கொடுத்துச்சு. 1966-ல இத்தாலியில ஃப்ளாரன்ஸ் நூலகம் சேத்துல மூழ்கினப்போ, புக்ஸைக் கைமாத்தி மேலே ஏத்தினவங்கள்ல நிறையப் பேர் ஸ்டூடண்ட்ஸ்! 'சேற்றுத் தேவதைகள்'னு பேரும் வாங்கினாங்க.

உங்க புக்குக்கு ஒரு ஃபேன் போதும். போடுங்க ஸ்விட்சை!