தோலின் நிறமும் ஒளியின் சாட்சியமும்

2020ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில், கொரோனாத் தொற்றுக்குள்ளான ஒருவர் இனங்காணப்பட்டதையடுத்து, கண்டி - மாத்தளை வீதியிலுள்ள அக்குறணை முற்றாக முடக்கப்பட்டது. அக்கொள்ளைநோய்க் காலத்திலேயே, விரல் நுனியைக் கவ்வும் சிறு கருவியொன்று மருத்துவமனைகளைக் கடந்து உலகெங்கும் வீடுகளுக்குள் வந்து சேர்ந்தது. ஒக்ஸிமீற்றர் என யாவரும் அழைக்கும் அக்கருவி காட்டும் எண்ணைக் கொண்டே, நோயாளி வீட்டிலிருப்பதா மருத்துவமனை செல்வதா என்பது பல நாடுகளில் தீர்மானிக்கப்பட்டது. ஆகவே அவ்வெண் எவ்வாறு பெறப்படுகின்றது என்பது பௌதிகவியலாளருக்கு மட்டும் உரிய வினாவன்று.

இருட்டில் டோர்ச் விளக்கை உள்ளங்கையால் மூடினால் விரல்கள் செந்நிறமாய் ஒளிர்வதைச் சிறுவரும் அறிவர். நீலத்தையும் பச்சையையும் குருதியிலுள்ள ஈமோகுளோபின் உறிஞ்சிக்கொள்ளச் சிவப்பே பெரிதும் வெளிவருகின்றது. ஏறத்தாழ 650 முதல் 950 நனோமீற்றர் வரையான அலைநீளங்களில் இழையங்கள் ஒளியைக் குறைவாகவே உறிஞ்சுகின்றன. இச்சாளரத்தின் வழியே, மண்டையோட்டைத் திறவாது மூளையின் ஒட்சிசன் நிலையை அறியலாமென 1977இல் பிரான்ஸ் ஜொப்சிஸ் காட்டினார். எனினும் இது தெளிந்த கண்ணாடிச் சாளரமன்று. மலைநாட்டு மூடுபனியில் வாகன விளக்கொளி பரவுவதுபோல, இழையத்துட் புகுந்த ஒளியும் சிதறிப் பரவுகின்றது. இதனாலேயே மூளை, மார்பகம் முதலியவற்றின் ஒளிப்படிமங்கள் எக்ஸ் கதிர்ப் படத்தின் கூர்மையை எய்துவதில்லை. கண் ஒரு விதிவிலக்கு. அதன் முற்பகுதி ஒளிபுகவிடுவதாதலின், 1991இல் அமெரிக்காவின் மசாச்சுசெற்ஸில் உருவாக்கப்பட்ட ஒளியிசைவுப் படமுறை, விழித்திரையின் படைகளை நுண்ணளவிற் பிரித்துக் காட்டவல்லதாயிற்று. நீரிழிவினால் விழித்திரை வீங்குவதை இன்று மருத்துவர் இவ்வாறே காண்கின்றனர்.

இனி விரலுக்கு வருவோம். ஜப்பானியப் பொறியியலாளர் தக்குவோ அவோயாகி, இதயம் வெளியேற்றும் குருதியின் அளவைச் சாயமொன்றின் துணையால் அளக்க முயன்றார். நாடித் துடிப்பு அளவீட்டைக் குழப்பிக்கொண்டேயிருந்தது. அக்குழப்பத்தை நீக்க முற்பட்டவர், துடிக்கும் பகுதி நாடிக்குருதியினதே என்பதை உணர்ந்தார், இடையூறே கருவியாயிற்று. 1974இல் அவர் வெளியிட்ட இம்முறையின்படி, 660 நனோமீற்றர் அளவிலான சிவப்பொளியும் 940 அளவிலான செந்நிறக்கீழ் ஒளியும் விரலினூடே செலுத்தப்படுகின்றன. ஒட்சிசன் ஏற்ற ஈமோகுளோபினும் ஏற்காததும் இவ்விரண்டையும் வெவ்வேறு விகிதத்தில் உறிஞ்சுகின்றன. துடிக்கும் பகுதியை மட்டும் கணக்கிற் கொள்வதால், எலும்பும் தோலும் கணக்கிலிருந்து நீங்கிவிடும் என்பதே எதிர்பார்ப்பு.

அந்த எதிர்பார்ப்பு முழுமையாக நிறைவேறவில்லை. சிதறலின் காரணமாக, அளந்த விகிதத்திலிருந்து ஒட்சிசன் அளவைச் சூத்திரத்தால் மட்டும் பெறவியலாது. நலமுள்ள தொண்டர்களை ஒட்சிசன் குறைந்த வளியைச் சுவாசிக்கச் செய்து, அவர்தம் குருதியோடு ஒப்பிட்டே கருவி அளவுதிருத்தப்படுகின்றது. தொண்டர் யாவர் என்பது இங்கே முக்கியமாகின்றது. தோலிலுள்ள மெலனின் சிவப்பொளியைச் செந்நிறக்கீழ் ஒளியைவிட மிகுதியாக உறிஞ்சுவது.

2020 டிசெம்பரில் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர் வெளியிட்ட ஒப்பீடு இதனை வெளிப்படுத்தியது. கருவி 92 முதல் 96 வீதம் எனக் காட்டிய நோயாளரில், உண்மையில் 88 வீதத்துக்கும் குறைந்த ஒட்சிசன் நிலையிலிருந்தோர் வெள்ளையரிடையே 3.6 வீதம், கறுப்பினத்தவரிடையே 11.7 வீதம். அக்கருவி எவரையும் வெறுப்பதன்று. அதனை வகுத்தோர் எவரை மனிதரின் மாதிரியாகக் கொண்டனரோ அவரையே அது நன்கு அறிகின்றது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2013இல் விதந்துரைத்த சோதனைக்கு 10 பேர் போதும். அவர்களுள் கருந்தோலினர் இருவர் அல்லது 15 வீதத்தினர், எது அதிகமோ அத்தொகையினர். 2025 ஜனவரியில் அந்நிறுவனம் வெளியிட்ட வரைவிலே அத்தொகை 150ஆக உயர்ந்தது.

மாநிறம் முதற் கருநிறம் வரை பரந்த தோலினர் வாழும் நமது நாட்டுக்கு இச்செய்தி தொலைவிலுள்ளதன்று. மிச்சிகன் ஆய்வாளர் புதிய சோதனையெதனையும் நடத்தினாரல்லர். நாடிக்குருதிச் சோதனையின் முடிவையும், ஏறத்தாழ அதே வேளையில் விரற்கருவி காட்டிய எண்ணையும், மருத்துவமனைப் பதிவேடுகளிலிருந்து எடுத்து அருகருகே வைத்துப் பார்த்தனர். தீவிர சிகிச்சைப் பிரிவுள்ள எம்மருத்துவமனையிலும் செய்யத்தக்க வேலை அது.