கார்பன் 'சடை' எப்படி உடைகிறது? விமான இயந்திரத்துக்குள் ஒரு பார்வை

விமானத்தில் ஜன்னலோர இருக்கை கிடைத்தால், இறக்கைக்குக் கீழே இருக்கும் இயந்திரத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். அதன் மூடிக்கு உள்ளே, பெரிய விசிறியைச் சுற்றி வளையம் போன்ற உறை ஒன்று இருக்கிறது.

விசிறித் தகடு உடைந்தால் அது வெளியே பாயாமல் தடுப்பதுதான் அந்த உறையின் முக்கிய வேலை.

தகடு உடைவது எவ்வளவு ஆபத்து? 2018 ஏப்ரலில் அமெரிக்காவின் சவுத்வெஸ்ட் விமானம் ஒன்றில், நடுவானில் விசிறித் தகடு உடைந்தது. இயந்திர மூடியின் பாகங்கள் பிய்ந்து, ஒரு துண்டு ஜன்னலை உடைத்தது. பயணி ஒருவர் உயிரிழந்தார்.

இந்த உறையை வழக்கமாக உலோகத்தில்தான் செய்வார்கள். ஆனால் போயிங் 747-8 விமானங்களிலும் பல 787 விமானங்களிலும் உள்ள ஜிஇஎன்எக்ஸ் இயந்திரத்தில், அது கார்பன் இழையால் பின்னப்பட்டது. எடை குறைவு என்பது ஒரு காரணம்.

பின்னலா? எப்படி?

சடை பின்னுவதை நினைத்துக்கொள்ளுங்கள். இங்கே முடிக்குப் பதில், ஆயிரக்கணக்கான கார்பன் இழைகள் சேர்ந்த கற்றைகள்.

சில கற்றைகள் நேராக ஓடும். மற்றவை இடமும் வலமும் சுமார் 60 பாகை சாய்ந்து, மேலும் கீழுமாகப் பின்னிச் செல்லும். பிறகு பிசினைச் செலுத்தி, சூடாக்கி இறுக வைப்பார்கள்.

பாரத்தைச் சுமப்பது இழை. இழைகளைப் பிடித்துவைத்து, பாரத்தைப் பகிர்ந்து கொடுப்பது பிசின்.

இழுத்தால் என்ன ஆகும்?

இரும்புக் கம்பி என்றால் முதலில் நீளும், பிறகுதான் அறும். கார்பன் அப்படி எச்சரிக்கை தராது. நேர்க்கற்றைகளின் திசையில் இழுத்தால் சேதம் இப்படி வளரும்:

• முதலில் பிசின்: சாய்ந்த கற்றைகளுக்குள் நுண்ணிய விரிசல்கள் விழும். கண்ணுக்குத் தெரியாது. பொருள் இன்னும் பாரத்தைத் தாங்கும், ஆனால் விறைப்பு சற்றுக் குறையும்.

• அடுத்து கற்றைகள்: ஒரு கற்றை இன்னொன்றின்மேல் ஏறி இறங்கும் இடத்தில் அழுத்தம் குவியும். அங்கே கற்றைகள் ஒன்றைவிட்டு ஒன்று பிரியத் தொடங்கும்.

• கடைசியில் இழைகள்: நேர்க்கற்றை ஒன்று அறுந்தால், அதன் பாரம் பக்கத்துக் கற்றைமேல் விழும். பிறகு மளமளவென்று எல்லாம் அறும்.

இழுக்காமல் அமுக்கினால் கதை வேறு. இழை அறுவதற்கு முன்பே கற்றை மடங்கி நொடிந்துவிடும்.

அப்புறம் ஏன் பின்ன வேண்டும்?

குவே லாப்பிஸை அடுக்கடுக்காக உரித்துச் சாப்பிட்டிருப்பீர்கள், இல்லையா? அடுக்கி ஒட்டிய கார்பன் தகட்டில் பலமாக அடி விழுந்தால், அடுக்குகள் அப்படித்தான் பிரியும். விரிசல் தடையில்லாமல் பரவும்.

பின்னலில் அது கஷ்டம். ஒவ்வொரு கற்றையிடமும் விரிசல் திரும்ப வேண்டும், இல்லாவிட்டால் நிற்க வேண்டும். சேதம் அடிபட்ட இடத்தைச் சுற்றியே அடங்க வாய்ப்பு அதிகம்.

இதற்கு ஒரு விலையும் உண்டு. வளைந்து நெளிந்து செல்லும் கற்றை, நேரான கற்றை அளவுக்குப் பலம் தராது.

இயந்திர உறைக்கு அந்தப் பேரம் சரிவரும். அது உடையவே கூடாது என்பதில்லை. உடைந்தாலும் தகட்டை வெளியே விடக்கூடாது, அதற்குப் பிறகு வரும் பலத்த குலுக்கலையும் தாங்க வேண்டும். அதனால்தான் புதிய இயந்திரத்துக்கு அனுமதி தருவதற்கு முன்னர், முழு வேகத்தில் ஓடவிட்டு, வேண்டுமென்றே ஒரு தகட்டை உடைத்துச் சோதிக்கிறார்கள்.

உங்களுக்கு இதில் என்ன?

கார்பன் சைக்கிள் வைத்திருக்கிறீர்களா? எல்லாச் சட்டங்களும் பின்னப்பட்டவை அல்ல. ஆனால் பாடம் ஒன்றுதான்: சேதம் உள்ளேதான் தொடங்கும்.

பலமாக விழுந்த பிறகு, "கீறல்கூட இல்லையே" என்று ஓட்டிப் போய்விடாதீர்கள். கார்பன் சட்டங்களைப் பரிசோதிக்கத் தெரிந்தவரிடம் முதலில் காட்டுங்கள். உள்ளே இருக்கும் விரிசலைக் கண்டுபிடிக்க, விமானத் துறையைப் போலவே கேளா ஒலியைப் பயன்படுத்துபவர்களும் உண்டு.